யார் பார்க்கக் கூடாது?

கோயம்புத்தூர், திருப்பூர் வட்டாரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸும் சர்வர் பராமரிப்பும்தான் என் பிழைப்பு. மெஷினைக் கொண்டுவருபவர்கள் வெளிப்படையாகச் சொல்லும் கோளாறு ஒன்று இருக்கும். கிளம்பும் நேரத்தில் குரலைத் தாழ்த்திச் சொல்வது இன்னொன்று. “நான் அடிச்சதெல்லாம் உள்ளே எங்கியோ நிக்குதாமுங்க, அதையும் கொஞ்சம் அழிச்சு விட்டுருங்க.” இந்த இரண்டாவது வேலைக்கு யாரும் தனியாகக் காசு கொடுத்ததில்லை. ஆனால் தொழிலில் நான் அதிகம் யோசித்தது இதைப் பற்றித்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்தக் கோரிக்கையே கிடையாது. கறுப்புத் திரையில் டாஸ் ஓடிய காலம் அது. எஃப்3 விசையை அழுத்தினால் கடைசியாக அடித்த ஒரே ஒரு வரி திரும்ப வரும், அவ்வளவுதான். 1991இல் வந்த எம்எஸ்-டாஸ் 5, டாஸ்கீ என்ற சிறு நிரலையும் கூடவே கொண்டுவந்தது. அதை ஏற்றிவைத்தால் மேல் அம்புக்குறியில் பழைய கட்டளைகள் ஒவ்வொன்றாக வரும். எஃப்7 அடித்தால் எண் போட்ட பட்டியலே வரும். ஆல்ட் விசையோடு எஃப்7 சேர்த்து அடித்தால் பட்டியல் காலி. அதற்கென்று ஒதுக்கிய நினைவகம் வெறும் 512 பைட் என்பதால், நீளமான வரிகளாக அடித்தால் புதியது வர வரப் பழையது தானே உதிர்ந்துவிடும். மெஷினை அணைத்தால் மிச்சமும் போய்விடும். சாயங்காலம் கரண்ட் போனால் தெருவிலுள்ள எல்லா மெஷின்களும் ஒரே நொடியில் மறந்துவிடும். அழிக்கச் சொல்லி யார் வருவார்கள்?

விண்டோஸ் 95 வந்தபிறகு மெஷின் மறப்பதை நிறுத்திக்கொண்டது. ஸ்டார்ட் மெனுவில் ‘ரன்’ என்று ஒரு பெட்டி. அதில் ஒருமுறை அடித்தது, அணைத்துப் போட்டாலும் மறுநாள் காலையில் அப்படியே நிற்கும். பக்கத்திலுள்ள சிறு அம்பைத் தட்டினால் முன்பு அடித்தவையெல்லாம் வரிசையாக இறங்கும்.

ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இதனால் பெரிய கலாட்டா. உதவியாளர்கள் நாலைந்து பேருக்குப் பொதுவாக ஒரு மெஷின். ஆடிட்டர் ஒருநாள் அதில் உட்கார்ந்து, தன் மெஷினிலிருந்த சம்பளக் கணக்கு ஃபோல்டரின் நெட்வொர்க் முகவரியை ரன் பெட்டியில் அடித்துத் திறந்து பார்த்திருக்கிறார். அடுத்து உட்கார்ந்த பையன் கால்குலேட்டரைத் திறக்க ரன் பெட்டிக்குப் போனான். அம்பைத் தட்டியதும் அந்த முகவரி கண்ணில் பட்டது. என்னவென்று பார்க்க அதையும் தட்டினான். யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பது மத்தியானத்துக்குள் அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

“அந்த லிஸ்டை உடனே அழிங்க” என்றார் ஆடிட்டர். அழித்தேன். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்துவைக்கும் ரெஜிஸ்ட்ரிக்குள் எக்ஸ்ப்ளோரர் கிளையில் ‘ரன் எம்ஆர்யு’ என்ற இடத்தில் அந்தப் பட்டியல் இருக்கும். ஏ முதல் இசட் வரை எழுத்துக்கு ஒரு வரி, மொத்தம் 26க்கு மேல் போகாது. எது முதலில், எது அடுத்தது என்ற வரிசை மட்டும் தனி வரியில் எழுதியிருக்கும். வேண்டாத வரியை நீக்கிவிட்டு அந்த வரிசையிலிருந்தும் அதன் எழுத்தை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. முடித்துவிட்டு அவரிடம் சொன்னேன்: “சார், லிஸ்ட் போயிருச்சு. ஆனா அந்த ஃபோல்டருக்குப் பாஸ்வேர்டு இல்லையே. முகவரி பையனோட மனசுல இருக்குமே.” அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஃபோல்டருக்குப் பாஸ்வேர்டு போடச் சொன்னார். பட்டியல் வழியைக் காட்டியது, அவ்வளவுதான். பூட்டாமல் வைத்தது அவர்.

எக்ஸ்பி வந்தபிறகு இன்னொன்றைக் கவனித்தேன். ரன் பெட்டியைத் துடைத்துவிட்டாலும் எந்த நிரலை எத்தனை முறை திறந்தோம், கடைசியாக எப்போது திறந்தோம் என்று விண்டோஸ் வேறோர் இடத்தில் குறித்து வைத்துக்கொள்கிறது. ரெஜிஸ்ட்ரியில் அதன் பெயர் ‘யூசர் அசிஸ்ட்’. சும்மா பார்த்தால் புரியாத எழுத்துக் குவியலாகத் தெரியும். ஒவ்வோர் எழுத்தையும் அகரவரிசையில் 13 இடம் தள்ளி எழுதியிருக்கிறது, அவ்வளவே ரகசியம். திரும்பத் தள்ளினால் நிரலின் பெயர் வந்துவிடும். நிரல்கள் வேகமாகத் திறக்கட்டும் என்று ‘ப்ரீஃபெட்ச்’ ஃபோல்டரில் எழுதிவைக்கும் கோப்புகளிலும் இதே தடயம் உண்டு. யாரையும் வேவு பார்ப்பதற்காக இவற்றை வைக்கவில்லை. ஸ்டார்ட் மெனுவில் அடிக்கடி திறப்பதை மேலே காட்ட வேண்டும், நிரல் சீக்கிரம் திறக்க வேண்டும் என்ற வசதிக்காக வைத்தார்கள். நம் சுவடுகளில் பெரும்பாலானவை இப்படி வசதி என்ற பெயரில் எழுதப்பட்டவைதான். “மொத்தமாத் துடைச்சிட்டேன்” என்று வாடிக்கையாளரிடம் சொல்லும் பழக்கத்தை அதோடு விட்டுவிட்டேன். “இந்த லிஸ்ட்டைத் துடைச்சிருக்கேன்” என்று மட்டும் சொல்வேன்.

இடையில் சில காலம் ஒரு பிரவுசிங் சென்டரின் மெஷின்களையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். பிளஸ் டூ ரிசல்ட், கவுன்சலிங் நேரங்களில் வாசல் வரை கூட்டம் நிற்கும். ஒருவர் எழுந்ததும் அடுத்தவர் அதே நாற்காலியில் உட்காருவார். மெயில் முகவரியின் முதல் எழுத்தை அடித்தாலே முன்னால் வந்துபோன பத்துப் பேரின் முகவரி இறங்கும். ஒவ்வொருவரும் போனதும் எல்லாவற்றையும் துடைத்துவிடும்படி அமைத்துக் கொடுத்தேன். வாடிக்கையாளர்களுக்கு நிம்மதி.

2011இல் சைபர் கஃபேக்களுக்கென்று மத்திய அரசு விதிமுறை கொண்டுவந்தது. வருபவரின் அடையாளச் சான்றைப் பார்க்க வேண்டும்; பதிவேட்டில் எழுத வேண்டும்; எந்தெந்த இணையதளங்களுக்குப் போனார்கள் என்ற பதிவை ஓராண்டு வைத்திருக்க வேண்டும்; தடுப்புப் பலகை நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது. சென்டர் முதலாளி கையைப் பிசைந்தார். “ஏனுங் தம்பி, நீங்க அழிக்கச் சொன்னீங்க, கவர்மெண்ட் வெக்கச் சொல்லுது. நான் யார் பேச்சைக் கேக்கறது?” இரண்டையும் செய்யலாம் என்று விளக்கினேன். நாற்காலியில் அடுத்து உட்காருபவர் பார்க்கக்கூடியதை மெஷினிலிருந்து துடைக்க வேண்டும். சட்டம் கேட்கும் பதிவு முதலாளியின் சர்வரில், அடுத்தவர் கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும். ஒரே ஆளின் சுவடுதான். யார் கண்ணில் படக் கூடாது என்பது மாறும்போது அதைக் கையாளும் விதமும் மாறுகிறது என்பது எனக்கு அங்கேதான் தெளிவானது.

திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகள் சிலவற்றில் லினக்ஸ் சர்வர் நுழைந்தபோது அடுத்த பாடம் தொடங்கியது. லைசென்ஸுக்குக் காசு கட்ட வேண்டாம் என்பதால்தான் முதலாளிகள் சம்மதித்தார்கள். லினக்ஸில் வேலையெல்லாம் டெர்மினலில்தான். அடித்த கட்டளையைத் திரும்ப அழைக்கும் வசதி எழுபதுகளின் கடைசியில் பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய சி ஷெல்லிலேயே இருந்தது. 1989இல் க்னூ திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதி வெளியான பாஷ் ஷெல், நம் சர்வர்களில் வந்து உட்கார்ந்தது. அடித்ததையெல்லாம் நினைவில் வைத்திருந்து, வெளியேறும்போது நம் ஹோம் ஃபோல்டரில் ஹிஸ்டரி என்ற மறைகோப்பில் எழுதிவிட்டுப் போகும். சொல்லாமல் விட்டால் 500 வரி வரை வைத்திருக்கும். பல லினக்ஸ்களில் ஆயிரமோ அதற்கு மேலோ அமைத்தே கொடுத்துவிடுகிறார்கள்.

ஒரு கம்பெனியில் எனக்கு முன்னால் சர்வரைப் பார்த்துக்கொண்டவர் திடீரென்று துபாய் போய்விட்டார். ஒரு துண்டுக் காகிதம்கூட எழுதி வைக்கவில்லை. பேக்கப் எங்கே போகிறது, எந்த சேவையை முதலில் நிறுத்தி எதைப் பிறகு தொடங்க வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. அவருடைய ஹிஸ்டரி கோப்பைத் திறந்தேன். ராத்திரி நகல் எந்த டிஸ்குக்குப் போகிறது, மாதக் கடைசியில் என்ன செய்கிறார், எந்த இடத்தில் தடுமாறி மூன்று விதமாக அடித்துப் பார்த்திருக்கிறார் என்பதெல்லாம் அதில் இருந்தது. ஒரு வாரத்துக்கு அந்தக் கோப்புதான் எனக்கு வாத்தியார். அவர் போகும்போது ஹிஸ்டரியை முழுக்க அழித்துவிட்டுப் போயிருந்தால் நான் திண்டாடியிருப்பேன்.

அதே கோப்பில் டேட்டாபேஸின் ரூட் பாஸ்வேர்டும் இருந்தது. மைசீக்வல் கட்டளையோடு ஒட்டிப் பாஸ்வேர்டையும் ஒரே வரியில் அடித்திருந்தார். அப்படி அடித்தால் ஹிஸ்டரியில் நிற்கும். கட்டளை ஓடும் நேரத்தில் ஓடும் நிரல்களின் பட்டியலை எடுத்தாலும் வரியில் உள்ளது தெரியக்கூடும். பாஸ்வேர்டை எழுதாமல் விட்டால் நிரலே கேட்கும். அப்போது அடிப்பது எங்கும் பதியாது. ஒரு விநாடி மிச்சம்பிடிக்கப் போய்ப் பல மாதங்களாகக் கம்பெனியின் டேட்டாபேஸ் பாஸ்வேர்டைக் கோப்பில் எழுதி வைத்திருந்தார். உபயோகமானதும் ஆபத்தானதும் ஒரே கோப்பில் கலந்து கிடந்ததால், முழுக்க அழிப்பது தீர்வாகாது என்பது அப்போதே புரிந்துவிட்டது.

என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பையன் ஒருநாள் முகம் வெளிறி வந்து நின்றான்.

“அண்ணா, பாஸ்வேர்டை டெர்மினல்லயே அடிச்சுட்டேனுங்ணா.”

நடந்தது இதுதான். அட்மின் அதிகாரத்தோடு கட்டளையை ஓட்டும் சுடோ ஒருமுறை பாஸ்வேர்டு வாங்கினால் சில நிமிடங்களுக்கு மறுபடி கேட்காது. கேட்கும் என்று நினைத்து இவன் பழக்கத்தில் அடித்து என்டர் தட்டிவிட்டான். அது சாதாரணக் கட்டளையாகப் போய், ‘அப்படியொரு கட்டளை இல்லை’ என்று திரையில் பதில் வந்தது. பயந்துபோய் வேறு விண்டோவில் ஹிஸ்டரி கோப்பைத் திறந்து தேடியிருக்கிறான்.

“தேடிப் பாத்துட்டேனுங்ணா, அதுல இல்ல. தப்பிச்சேன்.”

“நீ அடிச்ச விண்டோ இன்னும் திறந்துதானே இருக்கு?”

“ஆமாங்ணா.”

“அதை மூடும்போதுதான் எழுதும். இப்ப அதோட நினைவுல இருக்கு.”

அந்த விண்டோவிலேயே ஹிஸ்டரியைப் பட்டியலிடச் சொன்னேன். பாஸ்வேர்டு வரியின் எண்ணைப் பார்த்து, அந்த ஒரு வரியை மட்டும் நீக்கும் ஹிஸ்டரி மைனஸ் டி கட்டளையை அடித்தான். பிறகு மைனஸ் டபிள்யூ அடித்துக் கோப்பில் எழுதச் சொன்னேன். இந்த இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மைனஸ் சி என்று அடித்து மொத்தத்தையும் காலி செய்பவர்களுக்கும் இதே கதை. அது அந்த விண்டோவின் நினைவை மட்டும் துடைக்கும். கோப்பிலுள்ள பழைய வரிகள் அங்கேயே இருக்கும். அடுத்தமுறை லாகின் செய்தால் எல்லாம் திரும்ப வந்து நிற்கும். “நேத்துத்தான் அழிச்சேன், மறுபடி வருது” என்று எத்தனையோ பேர் என்னிடம் வியந்திருக்கிறார்கள்.

“அவ்ளோதானுங்ணா?” என்றான் பையன்.

“இல்ல. இப்ப பாஸ்வேர்டை மாத்து.”

அவனுக்குப் புரியவில்லை. அழித்தாகிவிட்டதே, எதற்கு மாற்ற வேண்டும்? எங்கெங்கே பதிந்திருக்கும் என்று எண்ணிக் காட்டினேன். திரையில் மேலே தள்ளிப்போன வரிகளில் இருக்கும். ராத்திரி ஹோம் ஃபோல்டர் பேக்கப்புக்குப் போயிருந்தால் அங்கேயும் இருக்கும். சுடோவோடு சேர்த்து அடித்த கட்டளை சிஸ்டம் லாகில் முழு வரியாகப் பதியும். லாகின் பெயர் கேட்கும் இடத்தில் அவசரத்தில் பாஸ்வேர்டை அடித்தால், ‘இந்தப் பெயரில் ஆளில்லை’ என்று அதையே எழுதிவைக்கும் நிரல்களும் உண்டு. லினக்ஸ் லாகின் அமைப்பைச் செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அறியாத பெயர்களைப் பதிய வேண்டாம் என்று நிறுத்திவைக்க ஓர் அமைப்பையே தந்து, காரணத்தையும் கோப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். இத்தனை இடங்களிலும் போய்த் துடைக்கப் பார்த்தால் எங்கோ ஒன்று தப்பும். பாஸ்வேர்டை மாற்றினால் எல்லா நகலும் ஒரே நேரத்தில் செத்துவிடும். பூட்டை மாற்றிய பிறகு பழைய சாவி யார் கையிலிருந்தால் என்ன?

அன்றிலிருந்து எங்கள் கடையில் வரிசை இதுதான்: ரகசியம் வெளியே போயிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் முதலில் மாற்றுவது, பிறகு அழிப்பது.

வரிக்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டு அடித்தால் பாஷ் அதை ஹிஸ்டரியில் சேர்க்காது என்று ஒரு வித்தை உண்டு. நன்றாகத்தான் வேலை செய்யும், அதற்கான அமைப்பு இருந்தால். உபுண்டுவிலும் டெபியனிலும் புது யூசருக்குக் கிடைக்கும் தொடக்கக் கோப்பிலேயே அது இருக்கும். ரெட் ஹேட், சென்ட்ஓஎஸ் பக்கம் அடுத்தடுத்து ஒரே வரி வந்தால் ஒன்றை விடும் அமைப்பு மட்டும்தான் இருக்கும். இடைவெளி விட்டாலும் அங்கே பதியும். உபுண்டுவில் பழகிய கையோடு வேறு கம்பெனி சர்வருக்குப் போய், இடைவெளியை நம்பி ரகசியத்தை அடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். புது சர்வரில் உட்கார்ந்தால் முதலில் ஒரு வெற்றுக் கட்டளையை இடைவெளி விட்டு அடித்து, அம்புக்குறியில் வருகிறதா என்று பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஒரு பனியன் கம்பெனியில் ஷிப்மெண்ட் நேரத்தில் ஆர்டர் விவரங்கள் இருந்த டேபிள் ஒன்று காலியாகிவிட்டது. சர்வருக்கு ஐந்து பேர் போவார்கள். ஐந்து பேருக்கும் ஒரே ரூட் பாஸ்வேர்டு. ரூட்டின் ஹிஸ்டரியில் அந்த டேபிளை அழிக்கும் நிரலை ஓட்டிய வரி இருந்தது. புதிதாகச் சேர்ந்த பையன்மேல் முதலாளிக்குச் சந்தேகம். “கம்ப்யூட்டரே எழுதி வெச்சிருக்குதல்ல” என்றார். கம்ப்யூட்டர் கட்டளையைத்தான் எழுதி வைத்திருந்தது. யார் அடித்தார்கள், எப்போது அடித்தார்கள் என்று எழுதவில்லை. நேரத்தைக் குறிக்கும் அமைப்பைச் சேர்க்காவிட்டால் பாஷ் தேதியே வைத்துக்கொள்வதில்லை. அந்த வரி ஆறு மாதம் பழையதாகக்கூட இருக்கலாம். போதாததற்கு, அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் திறந்து ஒரு வரியைச் சேர்க்கலாம், எடுக்கலாம். யார் எப்போது லாகின் செய்தார்கள் என்ற தனிப் பதிவை எடுத்துப் பார்த்தோம். டேபிள் காலியான ராத்திரி அந்தப் பையனின் மெஷினிலிருந்து யாரும் உள்ளே வரவில்லை. அவன் வேலை தப்பியது. அந்த வாரமே ரூட் பாஸ்வேர்டைப் பூட்டிவிட்டு ஆளுக்கொரு பெயரும் சுடோவும் கொடுத்தோம்.

ஹிஸ்டரியை அழிக்க அலைபவர்களும் ஹிஸ்டரியை வைத்துக் குற்றம் சாட்டுபவர்களும் ஒரே தவறான நம்பிக்கையில் இருக்கிறார்கள். அந்தக் கோப்பை அவர்கள் சாட்சியாக நினைக்கிறார்கள். அது அடிப்பவரின் சௌகரியத்துக்கு வைத்த குறிப்பு, அடிப்பவரே திருத்தக்கூடியது. நிஜமாகவே யார் என்ன செய்தார் என்று தெரிய வேண்டுமானால், அவர் கைக்கு எட்டாத இடத்தில் பதிவு போக வேண்டும்.

விண்டோஸ் பக்கம் கதை வேறு விதமாகப் போனது. சிஎம்டி விண்டோவில் இன்றும் எஃப்7 அடித்தால் பழைய டாஸ்கீ பட்டியல் வரும். விண்டோவை மூடினால் போய்விடும். அதே நினைப்பில் பவர்ஷெல்லைப் பயன்படுத்துபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். விண்டோஸ் 10 காலத்திலிருந்து பவர்ஷெல் அடித்ததையெல்லாம் யூசரின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் எழுதிக்கொண்டே போகிறது. திரும்ப அழைக்கும் பட்டியலின் வழக்கமான அளவு 4096 கட்டளை. ஹிஸ்டரியை அழிக்க அதிலேயே இருக்கும் கட்டளை, அன்றைய அமர்வின் பட்டியலை மட்டும் துடைக்கும். கோப்பு தொடாமல் நிற்கும். நோட்பேடில் திறந்து வேண்டாத வரியை எடுக்கலாம், அல்லது கோப்பையே நீக்கலாம். பிந்தைய பதிப்புகளில் பாஸ்வேர்டு, டோக்கன் போன்ற சொற்கள் வரும் வரிகளைத் தானே கோப்பில் எழுதாமல் விடுகிறது. அந்தச் சொல் இல்லாமல் வெறும் ரகசியத்தை மட்டும் அடித்தால் அதற்கு எப்படித் தெரியும்?

இந்தக் கோப்பு எவ்வளவு பேசும் என்பதை செகண்ட்ஹேண்ட் லேப்டாப்களில் பார்த்தேன். சென்னை ரிச்சி தெருவிலிருந்து வியாபாரி ஒருவர் மொத்தமாக எடுத்துவந்து என்னிடம் சரிபார்க்கக் கொடுப்பார். ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்டவை. ‘எல்லாம் டெலீட் பண்ணியாச்சு’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. படங்கள், ஆவணங்கள், டெஸ்க்டாப் எல்லாம் காலி. பவர்ஷெல் கோப்பு மட்டும் அப்படியே இருந்தது. உள் சர்வர்களின் முகவரி, அட்மின் பெயர், ஒரு வரியில் பாஸ்வேர்டு. வியாபாரியிடம் சொன்னேன், எல்லா டிஸ்க்கையும் துடைத்த பிறகே விற்பனைக்கு விட்டோம்.

டிஸ்க்கைத் துடைப்பதிலும் காலம் மாறிவிட்டது. 1996இல் பீட்டர் குட்மன் எழுதிய கட்டுரையை வைத்துக்கொண்டு 35 முறை மேலெழுத வேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அது அந்தக் காலத்து டிஸ்க் வகைகளை எல்லாம் சேர்த்துச் சொன்ன கணக்கு. பிற்கால ஹார்ட் டிஸ்குக்கு ஒருமுறை முழுக்க மேலெழுதினாலே போதும் என்பதுதான் அமெரிக்காவின் நிஸ்ட் தரும் வழிகாட்டுதல். எஸ்எஸ்டியில் கோப்பின்மேல் மேலெழுதும் வித்தை நம்பத்தக்கதல்ல. தேய்மானம் ஒரே இடத்தில் விழக் கூடாது என்று அது புதிய எழுத்தை வேறிடத்தில் போடும். பழையது எங்கோ கிடக்கும். அதனால் புது லேப்டாப்பை வாங்கிய அன்றே பிட்லாக்கரோ லினக்ஸில் லக்ஸோ போட்டு முழு டிஸ்க்கையும் பூட்டச் சொல்கிறேன். விற்கும் நாளில் சாவியை அழித்தால் போதும்.

வீட்டு சர்வீஸுக்குப் போகும் இடங்களில் இந்த வேலை மனசைக் கனக்க வைக்கும். ஓர் அக்கா, கணவர் வெளியூர் போயிருந்த நேரத்தில் கூப்பிட்டார். பிரிண்டர் சரியில்லை என்றுதான் சொன்னார். பிறகு, “தம்பி, நான் தேடினதெல்லாம் அவருக்குத் தெரியாம எடுத்துரணும். வந்தவுடனே திறந்து பாப்பாரு” என்றார். எதைத் தேடினார் என்று நான் கேட்கவில்லை. முழுக்க அழித்துவிட்டால், தினமும் பார்ப்பவருக்குக் காலிப் பட்டியலே சந்தேகத்தைக் கிளப்பும். அதைச் சொன்னேன். அந்த மெஷினில் சமையல் குறிப்பும் பிள்ளைகள் பாடமும் வழக்கம்போலத் தேடட்டும், முக்கியமானதை அவர் கை படாத மெஷினிலிருந்து பார்க்கட்டும் என்றேன். தங்கச்சி வீட்டு மெஷின் இருக்கிறது என்றார். வேண்டாத இரண்டு வரிகளை மட்டும் எடுத்துவிட்டு, பெண்களுக்கான உதவி எண் 181 என்று வாயால் சொல்லிவிட்டு வந்தேன். காகிதத்தில் எழுதிக் கொடுக்கவில்லை.

அதற்கு நேர்மாறான அழைப்பு ஒரு முதலாளியிடமிருந்து வந்தது. அவர் கம்பெனிக்கு ஏதோ விசாரணை நோட்டீஸ் வந்திருந்தது. “காலையில ஆளுங்க வர்றாங்க. அக்கவுண்ட்ஸ் மெஷின்ல அடிச்சது, தேடினது எல்லாம் ஒண்ணும் இல்லாம ஆக்கிடணும். என்ன செலவானாலும் பரவால்ல.” செய்ய முடியாது என்றேன். விசாரணைக்குப் போக வேண்டிய மின்னணுப் பதிவை அழிப்பது குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் 204ஆம் பிரிவு அதற்கென்றே இருந்தது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 241. ஆடிட்டரையும் வக்கீலையும் பாருங்கள் என்று சொல்லிப் போனை வைத்தேன். அந்த வாடிக்கையாளர் போய்விட்டார். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், கம்பெனிகள் சிஸ்டம் லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டபிறகு, இப்படிக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது எனக்கு இன்னும் சுலபமாகிவிட்டது.

அந்த அக்கா கேட்டதும் இந்த முதலாளி கேட்டதும் ஒரே வேலைதான், ஒரே விசைகள்தான். ஒருவர் தன் உயிருக்கும் மானத்துக்கும் சம்பந்தப்பட்டதை, அதைப் பார்க்க உரிமையில்லாத ஒருவரிடமிருந்து மறைக்கப் பார்த்தார். மற்றவர், கேட்க உரிமையுள்ளவர்களிடமிருந்து மறைக்கப் பார்த்தார். எது யாருடையது என்ற கணக்கை மெஷின் போடாது. விசையைத் தட்டும் ஆள்தான் போட வேண்டும்.

அதனால் இப்போது யார் வந்து அழிக்கச் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, “யார் பார்க்கக் கூடாது?” என்றுதான். அடுத்து உட்காருபவர் என்றால் ரன் பெட்டியையும் பிரவுசரையும் துடைத்து, ஆளுக்கொரு யூசர் கணக்குப் போட்டுத் தருகிறேன். பாஸ்வேர்டு தெரிந்த வீட்டுக்காரர் என்றால் மெஷினையே மாற்றச் சொல்கிறேன். அலுவலக அட்மின் என்றால், அது அலுவலக மெஷின், சொந்த விஷயத்துக்குச் சொந்தப் போனைப் பயன்படுத்துங்கள் என்கிறேன். திருடன் என்றால் டிஸ்க்கைப் பூட்டுகிறேன். அதிகாரி என்றால் வக்கீலிடம் அனுப்புகிறேன். பாதிப் பேருக்கு இந்தக் கேள்விக்கு உடனே பதில் வராது. “அதெல்லாம் தெரியாதுங்க, சும்மா இருக்க வேண்டாம்னு” என்பார்கள். அவர்களுக்கு ரன் பெட்டியைத் துடைத்துவிட்டு, மறுபடி சேராமலிருக்க விண்டோஸ் அமைப்புகளில் நிரல் திறப்பதைப் பின்தொடரும் பொத்தானை நிறுத்திக் கொடுக்கிறேன். அவர்களுக்கு அது போதும்.

கடைக்கு வேலை கற்றுக்கொள்ள வரும் பையன்களுக்கு முதல் வாரத்தில் ஹிஸ்டரியை அழிக்கும் எந்தக் கட்டளையையும் நான் சொல்லிக்கொடுப்பதில்லை. ரகசியத்தைக் கட்டளை வரியில் அடிக்காமல், நிரல் கேட்கும்போது மட்டும் அடிக்கக் கையைப் பழக்குகிறோம். வாரக் கடைசியில் அவரவர் ஹிஸ்டரி கோப்பை எனக்கு முன்னால் திறந்து காட்ட வேண்டும். எந்த வரியையும் மறைக்கத் தோன்றாமல் எவன் காட்டுகிறானோ, அவனைத்தான் தனியாக வாடிக்கையாளர் சர்வருக்கு அனுப்புவேன்.